பதின்மூன்றாவது யானை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள், சார். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. எழுபத்திரண்டு வயதில் சர்க்கரை இல்லாத ஆள் சின்னமனூரில் நான் ஒருவன்தான். தேனி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்றும் கடைத்தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

சுருளியை ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். அவன் விஷயமாகத்தான் வந்தேன். துரை கோட்டைக்கு அவன் பதினான்கு வருடமாகக் காவல்காரன். அங்கே மடையில் இருந்த தேக்குப் பலகைகளை அவன் விற்றுவிட்டான் என்று வழக்கு எழுதியிருப்பதாகப் பேப்பரில் படித்தேன். அது தப்பு. அவன் விற்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் எனக்கு முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்ல வரும். முப்பத்தாறு வருடம் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் இருந்தவன் நான். நடுவில் ஒரு தாள் இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் என்ன பாடு படுவான் என்று தெரிந்தவன்.

மேகமலை ரோட்டில் ஏறினால் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் இடது கைப்பக்கம் ஒரு மண் பாதை பிரியும். அதில் ஒரு மைல் போக வேண்டும். கருங்கல் கட்டடம். இரண்டு மூலையிலும் வட்டமான கோபுரம், மேலே கூம்பு வைத்த தகரக் கூரை. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இங்கே ஏலக்காய் போட வந்த ஹூபர் என்ற துரை, ஊரில் தன் பாட்டனார் கோட்டை எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று 1911-இல் கட்டியது. ரெக்கார்டில் இருப்பது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சொன்னது.

என்ன சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல் சுமக்கப் பதின்மூன்று யானைகள் வந்தன. பன்னிரண்டு திரும்பிப் போயின. பதின்மூன்றாவது யானை, கீழறைக்கு அஸ்திவார வானம் தோண்டும்போது சரிந்து குழிக்குள் விழுந்துவிட்டது. தூக்க முடியவில்லை. துரை மூன்று நாள் அழுதுவிட்டு, நான்காம் நாள் அதன் மேலேயே சுவரை எழுப்பச் சொன்னார். கோபுரத்தில் ஒரு மணி தொங்கியது. அதை அடித்தால் கடமலைக்குண்டில் தூளியில் கிடக்கிற பிள்ளை சிணுங்கும். கடைசியாக ஒன்று. அந்தக் கோட்டையை வாங்குகிற எவரும் அங்கே மூன்றாவது மழையைத் தாண்டுவதில்லை. மழை என்றால் ஐப்பசி கார்த்திகை அடைமழை. துரை தாண்டவில்லை. அவருக்குப் பின் வந்த கம்பெனி மானேஜர் தாண்டவில்லை. அவருக்கும் பின் வந்த போடிக்காரக் குடும்பமும் தாண்டவில்லை.

இதையெல்லாம் நான் ஏன் சொல்ல ஆரம்பித்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரிய காரணம் இல்லை. 1995-இல் என் சம்சாரம் பவுனு போய்விட்டாள். அதிலிருந்து எனக்கு நாக்கில் ருசி இல்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. கையைத் தலைக்கு வைத்துப் படுத்து எழுந்தால் அது யாருடைய கையோ மாதிரித் தொங்குமே, அதுபோல முழு ஆளும் ஆகிவிட்டேன். மறு வருடம் ரிடையர்மெண்ட். மாலை போட்டார்கள், குடை கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மலையடிவாரத்தில் மாயக்காள் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். டீ வெறும் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த நாலு பேர், "மேல அந்தக் கோட்டை யாருதுங்க?" என்று கேட்டார்கள். யானையைச் சொன்னேன். நாலு பேரும் டீயைக் குடிக்க மறந்து வாயைப் பார்த்தார்கள். நான் அடுத்த வாய் குடித்தேன். டீ இனித்தது. நிஜமாகவே இனித்தது, சார். மாயக்காளிடம், "சீனி இப்பத்தான் போட்டியா?" என்றுகூடக் கேட்டேன்.

"நல்லா கேட்டீக போங்க. அடியில கெடந்தது இப்பத்தான் நாக்குல பட்டுச்சாக்கும்," என்றாள்.

அந்த வருடமே கம்பம் ஏலக்காய் வியாபாரி ஷேக் மைதீன் கோட்டையை வாங்கினார். தங்கமான மனிதர். குரல் மட்டும் சந்தைக் குரல். வாங்குவதற்கு முன்னால் ரெக்கார்டு விவரம் கேட்க என்னைத்தான் தேடி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றாவது மழை உட்பட. மணி விஷயத்தில் மட்டும் வாய் தவறி, சத்தம் வைகை அணை வரைக்கும் கேட்கும் என்று சொல்லிவிட்டேன்.

"சங்கிலியண்ணே," என்றார், "வைகை அணைய கட்டுனதே சொதந்தரத்துக்குப் பொறவு. தொர அடிச்ச மணி அங்க யாருக்குக் கேட்டுச்சு? மீனுக்கா?"

"அணை கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு, ராவுத்தரே. அந்தச் சத்தத்தைக் குறி வச்சுத்தான் எடமே பாத்தாக."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் என்னை ஜீப் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்வார். விருந்தாளிகளுக்கு முதலில் பிரியாணி, பிறகு நான்.

1998 கார்த்திகையில் கோபுரப் படிக்கட்டில் பாசி வழுக்கி விழுந்து இறந்தார். அவருக்கு அது மூன்றாவது மழை. இதில் எனக்குச் சம்பந்தம் கிடையாது. அன்றைக்கு நான் உத்தமபாளையத்தில் பென்ஷன் விஷயமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டில் இருக்கும், பார்க்கலாம். இதைச் சொல்வது தப்பித்துக்கொள்ள அல்ல. வரிசை கெடக் கூடாது என்பதற்காக.

ஆனால் மறுநாள் டீக்கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் போனதும் பெஞ்சில் இருந்த எல்லாரும் எழுந்து இடம் விட்டார்கள். மாயக்காள் காசு வாங்கவில்லை. "நீங்க சொன்னப்ப சிரிச்சோமேண்ணே," என்றாள். டம்ளரைக் கோயில் தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள். முப்பத்தாறு வருடம் கலெக்டரிலிருந்து தலையாரி வரை எல்லாரும் என்னிடம் தாள் கேட்டிருக்கிறார்கள். யாரும் என்னிடம் இரண்டு கையால் எதையும் நீட்டியதில்லை.

அப்புறம் இரண்டு மூன்று வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. 2001-இல் தேனியில் பஞ்சு மில் வைத்திருந்த பாண்டியராஜன் வாங்கினார். ஒண்டிக்கட்டை. கதை, சகுனம் எதுவும் அவருக்கு ஆகாது. "பெருசு, ஒங்க ஆனைய எடுத்து வித்துருவேன், தந்தம் நல்ல வெல போகும்," என்பார். நான் சிரிப்பேன். வெள்ளையடித்தார், மரச்சாமான்களுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்தார். முதல் மழை போனது. இரண்டாவது போனது. மூன்றாவது மழையும் கார்த்திகை பாதியைத் தாண்டிவிட்டது.

மாயக்காள்தான் ஆரம்பித்தாள். "என்னண்ணே, மழ முடியப் போகுது. கோட்டக்காரரு குத்துக்கல்லு கணக்கா இருக்காக. நேத்துக்கூட கீழ எறங்கி வந்து ரெண்டு பஜ்ஜி தின்னுட்டுப் போனாக."

ஒரு ஜீப் டிரைவர் சொன்னான்: "ஆனைக்கு வயசாயிருச்சுக்கா. எந்திரிக்க முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ வெந்நீராக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் கோட்டைக்குப் போனேன். மேல்மாடியில் பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு மர பால்கனி உண்டு. அதன் உத்திரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். ரஸ்க் மாதிரி உள்ளே போனது. கறையான் தின்று, மேலே பச்சை பெயிண்ட் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஓட்டையைப் பெயிண்ட் பொருக்கால் மூடினேன். பிறகு பாண்டியராஜனிடம் உட்கார்ந்து பேசினேன். துரை மழைக்காலத்தில் சாயந்தரம் நாலு மணிக்கு அந்த பால்கனியில்தான் நாற்காலி போட்டு உட்காருவார் என்றேன். அங்கிருந்து பார்த்தால் மழை கம்பம் பள்ளத்தாக்கில் நடந்து வருவது தெரியும், முதலில் கூடலூர், அப்புறம் கம்பம், அப்புறம் உத்தமபாளையம், ஊர் ஊராக வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வரும் என்றேன். இந்த ஒன்று பொய்யில்லை. அப்படித்தான் தெரியும்.

கதை பிடிக்காதவருக்கு அந்தக் கதை பிடித்துவிட்டது. அந்த வாரமே ஒரு நாள் சாயந்தரம் நாலு மணிக்கு, பால்கனி நாற்காலியோடும் அவரோடும் பள்ளத்துக்குள் போய்விட்டது. நான் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. அப்போது நான் அங்கே இல்லவும் இல்லை. கறையான் தின்ற உத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பதற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று உங்களுக்குத்தான் தெரியும். மாயக்காள் அன்று கடையை மூடிவிட்டு என் வீட்டுக்கே வந்து, வாசலில் சூடம் கொளுத்திவிட்டுப் போனாள்.

நான்கு வருடம் யாரும் வாங்கவில்லை. அந்த நான்கு வருடமும் நான் நன்றாக இருந்தேன். மலைக்குப் போகிற வேன்கள் மாயக்காள் கடையில் நின்று, "சங்கிலி ஐயா இருக்காகளா?" என்று கேட்கும். யானை வளர்ந்துகொண்டே போனது. முதலில் கொம்பன், பிறகு திருவிதாங்கூர் மகாராஜா அனுப்பிய கொம்பன், பிறகு ஆறு விரல் உள்ள கொம்பன். யானைக்கு விரல் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

2007-இல் விஜயபாண்டி வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு இருக்க வந்தவர், சொந்த ஊர் வீரபாண்டி. அவர் சம்சாரம் விஜி. ஒரே பெண் பிள்ளை, திரிஷா. அப்போது அவளுக்கு நாலு வயது. வருகிறவர்களைத் தங்க வைக்கிற விடுதியாகக் கோட்டையை மாற்றுவது அவர்கள் எண்ணம்.

விஜி என்னை ஐயா என்பாள். நான் ஆத்தா என்பேன். வாரம் ஒரு நாள் எனக்கு அங்கேதான் சாப்பாடு. நான் சொல்கிறதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். என் பேச்சை எழுதிக்கொண்ட முதல் ஆள் அவள்தான். இரண்டாவது, இதோ, நீங்கள். பிள்ளை என் மடியை விட்டு இறங்காது. "சங்கிலித் தாத்தா, ஆனைக்குக் கண்ணு தெரியுமா? மண்ணு விழுந்திருக்காதா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வேறு யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். கீழறையைத்தான் அவளுக்கு விளையாட்டு அறையாக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சுவரில் கரியால் ஒரு யானை வரைந்து, கண்ணை மூடி வைத்திருந்தாள்.

போன ஆவணியில் விஜி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். துரையின் பேத்தி ஒருத்தி அங்கே ஆல்ப்ஸ் பக்கம் உயிரோடு இருக்கிறாளாம். இவள் எப்படியோ தேடிப் பிடித்து எழுதியிருக்கிறாள். பதிலும் பழைய போட்டோக்களும் வந்திருந்தன. துரை அந்த வீட்டில் முப்பத்தொரு வருடம் இருந்து, தூக்கத்தில் செத்தார். மீதியைப் பழைய பத்திரங்களில் பார்த்திருக்கிறாள்: கம்பெனி மானேஜர் பதினைந்து வருடம் இருந்துவிட்டுச் சீமைக்குப் போனார். போடிக் குடும்பம் முப்பத்தெட்டு வருடம் இருந்து, பாகம் பிரிக்க விற்றது. யானை வரவே இல்லை. கல்லை அங்கேயே உடைத்தார்கள்.

இதெல்லாம் எனக்கும் தெரியும், சார். ரெக்கார்டு கீப்பருக்குத் தெரியாமல் இருக்குமா?

விஜி கோபப்படவில்லை. அதுதான் விஷயம். சிரித்துக்கொண்டே என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

"ஐயா பொய் சொல்ல மாட்டீக. கொஞ்சம் பெருசாச் சொல்வீக, அம்புட்டுத்தான். தீவாளிக்கு வாசல்ல ஒரு போர்டு வைக்கப் போறோம். நெசமான சரித்திரம் ஒரு பக்கம். கீழ, ஒங்க பேரு போட்டு, 'செவிவழிக் கற்பனைகள்'னு ஒங்க கதைக ஒரு பக்கம். நீங்கதான் தொறந்து வைக்கணும்."

"மூணாவது மழையும் கற்பனையாத்தா?"

"எங்களுக்கு இதுதானய்யா மூணாவது மழ. தையில வாங்க, ஒங்களுக்குக் கறி விருந்து போட்டு நிரூபிக்கிறேன்."

விஜயபாண்டி, "ஐயாவுக்கு ரெண்டு விருந்து," என்றார். எல்லாரும் சிரித்தோம். பாயசத்தில் ருசி இல்லை. முந்திரிப்பருப்பு வாயில் சாக்பீஸ் மாதிரி உடைந்தது.

இப்போது மடைப் பலகை.

கோட்டைக்குப் பின்னால் மேலிருந்து ஓர் ஓடை இறங்குகிறது. அதன் பழைய தடம் கீழறை வழியாகத்தான். துரை ஐம்பது கெஜம் மேலே ஒரு கல் அணை கட்டி, ஓடையைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்பினார். அணையில் ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு மடை. கோடையில் திறந்தால் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் வரும். மழைக்கு முன்னால் இரண்டு தேக்குப் பலகைகளை மடையின் கல்லில் வெட்டிய பள்ளத்தில் இறக்கிக் களிமண்ணால் பூசிவிட வேண்டும். இறக்காவிட்டால் அடைமழையில் ஓடை தன் பழைய வழியைத் தேடிக்கொள்ளும். 1911-இல் துரை அனுமதி கேட்டுக் கொடுத்த மனுவில் படத்தோடு இதெல்லாம் இருக்கிறது. அந்த மனு ரெக்கார்டு ரூமில் இல்லை. நான் ரிடையர் ஆன அன்று பூமாலை, குடையோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எனக்குப் பிடித்த தாள் அது.

சுருளி பலகை விஷயத்தில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தான். ஆயுத பூஜை அன்று அரிவாள், மண்வெட்டியோடு பலகைகளையும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுவான். மறுநாள் விஜயதசமிக்கு விடியலில் மடையில் இறக்குவான். களிமண் பூசி, அதன் மேலும் ஒரு குங்குமம். அதோடு தைப்பொங்கல் வரை எவரும் அதில் கை வைக்கக் கூடாது. பூஜை போட்டு இறக்கிய பொருளை அசைத்துப் பார்ப்பது, ஏற்றிய சூடத்தை வாயால் ஊதி அணைக்கிற மாதிரி. விஜயபாண்டி படித்தவர்தான், ஒரு தடவை, "ஆட்டிப் பாத்தியா, கெட்டியா இருக்கா?" என்று கேட்டார். "சாமி, குங்குமம் வச்சாச்சு," என்றான் சுருளி. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். நம்மவர்கள் குங்குமத்துக்குக் கொடுக்கிற மரியாதையை வேறு எதற்கும் கொடுப்பதில்லை.

விஜயதசமி முடிந்த மூன்றாம் நாள் சுருளி மகள் வீட்டுக்குக் கடமலைக்குண்டு போயிருந்தான். பகல் பதினோரு மணி, வீட்டில் வேறு யாரும் இல்லை. சின்னமனூர் மார்க்கெட்டில் உடைத்த தக்காளிப் பெட்டிப் பலகைகளை ஒரு சாக்கில் கொண்டுபோனேன். தேக்கை உருவுவதற்குத்தான் கஷ்டப்பட்டேன். எழுபத்தொரு வயதில் தனியாளாக உருவினேன். பதின்மூன்று ஆள் வேலை என்று சொல்லலாம். தக்காளிப் பலகையை இறக்கி, களிமண் பூசி, மஞ்சள் தடவி, குங்குமத்தைச் சுருளி வைக்கிற மாதிரியே கட்டைவிரலால் வைத்தேன். தேக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் மண் பாதை முனையில் ஷேர் ஜீப்பில் ஏற்றினேன். டிரைவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். "கட்டிலுக்கா பெருசு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவை இப்போதும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். சாவி இது.

தீபாவளிக்குப் போர்டு திறந்தார்கள். ரிப்பனை நான்தான் வெட்டினேன். எனக்குச் சால்வை போட்டார்கள். மாயக்காளும் வந்திருந்தாள். போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப ஆன இல்லையாண்ணே? அன்னைக்கு ஒங்க வாசல்ல சூடமெல்லாம் கொளுத்துனேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் டீக்குக் காசு வாங்கினாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. வியாழக்கிழமை கோட்டைக்குப் போயிருந்தேன். மேற்கே வானம் அடுப்புக் கரி மாதிரி இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் லீவு என்று பிள்ளை குதித்துக்கொண்டிருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: பெரிய மழை வருகிற அன்று யானை கண்ணைத் திறக்கும். கீழறைச் சுவரில் உள்ளிருந்து தட்டும். வேறு சத்தம் கேட்கக் கூடாது, அதனால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சுவரில் காதை வைத்தால் கேட்கும்.

"தட்டிட்டு என்ன சொல்லும் தாத்தா?"

"உம் பேரச் சொல்லும்."

"எம் பேரு அதுக்கு எப்புடித் தெரியும்?"

"நான் சொல்லி வச்சிருக்கேன்."

"அம்மாட்ட சொல்லவா?"

"சொன்னா ஆன பேசாது."

அந்தக் கண் விரிந்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வது, சார். பவுனு போனதிலிருந்து நான் பார்த்ததிலேயே பெரிய கண் அதுதான். இதில் நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை.

தண்ணீர் முழங்கால் அளவுதான் வரும், பயந்துபோய் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று நினைத்ததாகத்தான் முதலில் உங்களிடம் சொல்வதாக இருந்தேன். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் துரையின் படத்தில் கீழறையின் உயரமும் ஓடையின் மட்டமும் போட்டிருக்கிறது. அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு என்பதும், உள்ளே தண்ணீர் நின்றால் ஒரு பிள்ளையால் அதை இழுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத தாள் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மாயக்காள் கடையில் இருந்தேன். மேலே பெய்கிற சத்தம் கீழே கேட்டது. மூன்று மணிக்குச் சுருளி நனைந்துகொண்டே ஓடி வந்தான். செருப்பில்லை. கீழறைக்குள் ஓடை புகுந்துவிட்டது, பிள்ளை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, கடப்பாறை வேண்டும், ஆள் வேண்டும் என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஜீப்பில் ஏறினார்கள். மாயக்காளும் நானும்தான் மிச்சம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இது மூணாவது மழ," என்றாள். டம்ளரில் பாதி டீ இருந்தது. குடித்தேன். அவள் அன்றைக்கு ரொம்பச் சர்க்கரை போட்டுவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் விஜி என் வீட்டுக்கு வந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. நாற்காலி போட்டேன், தரையில்தான் உட்கார்ந்தாள். போர்டைப் பிடுங்கி எரித்துவிட்டதாகச் சொன்னாள்.

"நீங்க அம்புட்டுத் தடவ சொன்னீகளே ஐயா. நாந்தான் நம்பல. படிச்ச திமிரு. ஒங்களப் பொய்யாக்கிப் போர்டு வச்சேன். ஆன எம் புள்ளையக் கூப்பிட்டுக்கிருச்சு." என் காலைத் தொட்டாள். "நீங்க சொன்னது நெசந்தானே ஐயா?"

"ஆமாத்தா," என்றேன்.

பதினான்கு வருடத்தில் முதல் தடவை எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துக்கம் என்று எழுத வேண்டாம். ஒரு ஆளை இன்னொரு ஆள் முழுசாக நம்பினால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அது அப்படியே இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். மார்கழியில் நீங்கள் பள்ளத்தில் இறங்கித் தக்காளிப் பலகைத் துண்டுகளைக் கண்டுபிடித்தீர்கள். சுருளியைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். போன வாரம் விஜியைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவள் முகம் மாறியிருந்தது. "ஆனையும் இல்ல, ஒண்ணும் இல்லய்யா. சுருளி பலகைய வித்துத் தின்னுட்டான்," என்றாள். என்னைத் தாண்டிப் போய்விட்டாள். டீக்கடையிலும் இப்போது அதுதான் பேச்சு. மூன்றாவது மழை என்று ஒருவரும் சொல்வதில்லை. பலகை, பலகை என்கிறார்கள்.

சுருளி நல்லவன். விட்டுவிடுங்கள். அவன் பலகையைச் சரியாகத்தான் இறக்கினான், சரியான நாளில், சரியான பூஜையோடு. உருவியது நான். அறைக்குள் போகச் சொன்னது நான். தாழ்ப்பாள் போடச் சொன்னதும் நான்தான். ஒரு வரி விடாமல் எழுதிவிட்டீர்கள் என்றால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எனக்குக் கண்ணாடி வேண்டாம்; இந்த வயதில் கண்ணாடி இல்லாமல் படிக்கிற ஆள் தேனி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இதை வாசித்துக் காட்டும்போது விஜியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், சார்: அவளிடம் நான் சொன்னதில் நடக்காதது எதுவும் இல்லை.